சுவரில் ஈரமா? பெயிண்ட் அடிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படரும். உடனே பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள், ஈரம் வரும் வழி தெரியாமல் அடிக்கிற பெயிண்ட் வீண்தான். சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் இடைவெளியில்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். 2 நாள் கழித்துப் பாருங்கள். தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால் சுவர் வழியாகக் கசிகிறது. கூரை ஓரம், மழைநீர்க் குழாய், வெளிப்பூச்சு விரிசல், முக்கியமாகச் சுவரை ஒட்டி மேட்டுப் பக்கம் சேர்ந்த மண் (சரிவில் கட்டிய வீடுகளில் இதை அவசியம் பாருங்கள்), எல்லாவற்றையும் சோதியுங்கள். முன்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால், அது சமையல், வெந்நீர் ஆவி குளிர்ந்த சுவரில் படிவது. அப்படியென்றால் பீரோவை வெளிச்சுவரிலிருந்து 4 அங்குலம் நகர்த்துங்கள். அப்புறம், வெயில் தலைகாட்டும்போது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.