பழைய இழைப்புளி வாங்கினால் முதலில் துருவில் கை வைக்காதீர்கள்

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய இரும்புச் சாமான் பரப்பி வைத்திருப்பவர்களிடம் அவ்வப்போது மரம் சீவும் இரும்பு இழைப்புளி கண்ணில் படும். வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் செய்யும் முதல் வேலை, உப்புத்தாளை எடுத்துப் பளபளவென்று தேய்ப்பது. தயவுசெய்து வேண்டாம். பிளேடின் மேல்முனையில் குத்தியிருக்கும் கம்பெனி முத்திரைதான் அதன் அடையாளம், தேய்த்தால் அது போய்விடும். மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷும் போதும், அழுக்கு வந்துவிடும், எழுத்து நிற்கும்.

அடுத்தது தேதிக் குழப்பம். அமெரிக்கக் கம்பெனியான ஸ்டான்லியின் இழைப்புளி உடம்பில் 1910 ஏப்ரல் 19 என்று வார்த்திருந்தால் அது செய்த நாள் இல்லை, காப்புரிமை நாள். அதற்கு முன்னால் செய்ததில்லை என்று மட்டும்தான் அதை வைத்துச் சொல்ல முடியும். 4, 5 என்று இருப்பது அளவு: 4 என்றால் ஏறக்குறைய 9 அங்குல நீளம், 5 என்றால் 14. ஷெஃபீல்டின் ரெக்கார்டு கம்பெனி அதையே 04, 05 என்று போடும். உடம்பு ஒரு கம்பெனி, பிளேடு இன்னொன்று என்று கலந்தும் வரும், அதனால் பிளேடை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். அடியில் பிளேடு வெளியே வரும் திறப்பான வாயின் மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வார்ப்பிரும்பு விரிசலைப் பற்றவைப்பது சுலபமில்லை.

கழற்றும்போது நிறைய பேர் உடைப்பது பின்பக்கப் பித்தளைச் சக்கரத்தை. ஸ்டான்லியில் அது இடது மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழன்று வரும். அது தெரியாமல் எதிர்ப்பக்கம் குறடு போட்டு முறுக்கினால் மரை போயிற்று, ஸ்க்ரூக்களும் அந்தக் கம்பெனியின் சொந்த அளவு என்பதால் ஹார்டுவேர் கடையில் மாற்று கிடைக்காது. இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஒரு நாள் சும்மா விடுங்கள்.

துருவுக்கு வினிகர் நல்லதுதான், ஆனால் மரக் கைப்பிடியோடு, பெயின்டோடு முழுசாக முக்காதீர்கள், நாள்கணக்கில் ஊறவும் விடாதீர்கள், இரும்பையே தின்னும். பிளேடை மட்டும் போட்டு நடுநடுவே எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, அப்போதே துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவ வேண்டும். நம்ம ஊர் உப்புக்காற்றில் இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் காலையில் மறுபடி செம்மண் நிறம். கடலூர் முதுநகர் மாதிரி கடலை ஒட்டி இருப்பவர்கள் பிளாஸ்டிக் பையில் கட்டியும் வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

கிரைண்டரில் சாணை பிடிக்கும்போது பிளேடு முனை நீலமானால் அந்த இடத்தில் கெட்டித்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள், கடைசியில் எண்ணெய்க்கல்லில் 30 பாகைக்குத் தீட்டுங்கள். பூட்டும்போது சாய்வுப் பக்கம் கீழே, தட்டைப் பக்கம் மேலே இருக்க வேண்டும், பிளேடோடு சேர்த்துப் பூட்டும் மேல்தகடு அந்தத் தட்டைப் பக்கத்தில்தான் உட்காரும், கூர்முனையிலிருந்து ஒரு மில்லிமீட்டரோ அதைவிடக் குறைவாகவோ உள்ளே தள்ளி. பிளேடுக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் சீவல் அதற்குள் மாட்டிக்கொண்டு வாய் அடைக்கும், அப்போது பிளேடைக் குறை சொல்லிப் பயனில்லை, மேல்தகட்டின் விளிம்பைத் தேய்த்துப் படியவையுங்கள்.

சீவல் ஒரு ஓரம் தடித்து வந்தால் பிளேடுக்குப் பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள், இரண்டு ஓரமும் ஒரே கனத்தில் வரும்வரை.