8085 சிமுலேட்டருக்குக் கீபோர்டும் திரையும் இணைப்பது

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து துறைமுகம் நடக்கிற தூரம்தான். அந்த உப்புக் காற்றுக்கு என் 8085 (எட்டு பிட் ப்ராசஸர்) பயிற்சிக் கிட்டின் கீபேடு இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்கவில்லை. மாலையில் படிக்க வரும் டிப்ளமோ பிள்ளைகளுக்காக லினக்ஸில், சி மொழியில், அந்த ப்ராசஸரைப் போலவே நடக்கும் ஒரு சிமுலேட்டர் எழுதினேன். கூட்டல், ஜம்ப், ஸ்டாக் எல்லாம் பத்து நாளில் முடிந்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு பைட்டை வாங்கும் 'இன்', வெளியே அனுப்பும் 'அவுட்' என்ற இரண்டே கட்டளைகள் ஒரு மாதத்தைத் தின்றன. உங்களுக்காவது அந்த மாதம் மிச்சமாகட்டும்.

இன் கட்டளையின் எண் பத்தடிமானத்தில் 219, அவுட்டின் எண் 211. இரண்டிலும் அடுத்த பைட்தான் போர்ட் (வெளிச் சாதனத்துக்கான வாசல்) எண், ஆக மொத்தம் 256 போர்ட்டுகள். கட்டளைகளை நிறைவேற்றும் ஸ்விட்ச் பகுதிக்குள் திரையில் எழுதும் பிரின்ட்எஃப், கீயைப் படிக்கும் கெட்சார் எதையும் எழுதாதீர்கள். போர்ட் எண்ணைக் கொடுத்தால் பைட்டைத் தரும் ஒரு ஃபங்ஷன், போர்ட் எண்ணையும் பைட்டையும் வாங்கிக்கொள்ளும் இன்னொரு ஃபங்ஷன். லேப்டாப்போடு பேசுவது இந்த இரண்டு மட்டுமே.

முதலில் நான் இன் கட்டளைக்கு கெட்சாரைத்தான் வைத்திருந்தேன். போர்ட் 1-இல் எல்இடியை மினுக்கிக்கொண்டே கீயையும் கவனிக்கிற ப்ரோகிராம் ஒன்றை ஒரு மாணவி ஓட்டினாள். "அக்கா, லைட்டு நின்னுடுச்சு" என்றாள். கெட்சார் கீக்காகக் காத்திருந்தது. அதோடு சேர்ந்து மொத்த ப்ராசஸரும் நின்றுவிட்டது. நிஜ 8085 யாருக்காகவும் அப்படி நிற்காது. 'கீ வந்திருக்கிறதா' என்று ஒரு போர்ட்டில் பார்க்கும், வந்திருந்தால் இன்னொரு போர்ட்டில் எடுத்துக்கொள்ளும்.

அதனால் 8251 என்ற சீரியல் தொடர்புச் சிப்பின் முறையையே பின்பற்றுங்கள். ஸ்டேட்டஸ் போர்ட்டில் பிட் 0 'அனுப்பலாம்', பிட் 1 'வந்திருக்கிறது'. நம் திரை எப்போதும் தயார் என்று வைத்துக்கொண்டால், கீ இல்லாதபோது 1, இருக்கும்போது 3 என்று திருப்பினால் போதும். கீ இருக்கிறதா என்று அறிய லினக்ஸின் 'போல்' (poll) என்ற ஃபங்ஷனை 0 காத்திருப்போடு கூப்பிடுங்கள். அது எதையும் எடுத்துவிடாது. டேட்டா போர்ட்டைப் படிக்கும்போது மட்டும் ரீட். ஒன்றும் வராத நேரத்தில் ப்ரோகிராம் டேட்டாவைக் கேட்டால், கடைசியாக வந்த பைட்டையே மறுபடி கொடுங்கள்.

டெர்மினல் வழக்கமாக என்டர் தட்டும்வரை எழுத்துகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். டெர்மினல் அமைப்புகளை மாற்றும் டெர்மியோஸில் ஐகேனன் (வரி வரியாகத் தருவது), எக்கோ (தட்டியதைத் திரையில் காட்டுவது) இரண்டையும் அணைத்தால் ஒவ்வொரு கீயும் உடனே வரும். அணைக்கும் முன் பழைய அமைப்பைச் சேமித்து, வெளியேறும்போது திரும்ப வையுங்கள். இதற்கு, ப்ரோகிராம் முறையாக முடியும்போது ஓடும் அட்எக்ஸிட் மட்டும் போதாது, கன்ட்ரோல்-சி அடித்தால் அது ஓடாது. சிக்னலைப் பிடித்து ஒரு ஃபிளாக்கை மாற்றி, மெயின் லூப்பிலிருந்து முறையாக வெளியே வாருங்கள். அப்படியும் டெர்மினல் கெட்டு, தட்டுவது எதுவும் தெரியாமல் போனால், 'எஸ்டிடிஒய் சேன்' (stty sane) என்று தட்டி என்டர் அடியுங்கள், சரியாகிவிடும்.

அவுட்டில் ஒரே விஷயம்: ஒவ்வொரு பைட்டுக்கும், சேர்த்து வைத்ததை உடனே திரைக்கு அனுப்பும் எஃப்ஃப்ளஷ் போடுங்கள். இல்லாவிட்டால் கேள்வி திரையில் வருவதற்குள் ப்ரோகிராம் பதிலுக்குக் காத்திருக்கும்.

என்டர் தட்டினால் லினக்ஸ் 10 என்று தரும், 8085 ப்ரோகிராம்கள் பெரும்பாலும் 13-ஐ எதிர்பார்க்கும். பேக்ஸ்பேஸ் 127, அவை கேட்பது 8. இந்த மாற்றங்களை அந்தப் படிக்கும் ஃபங்ஷனிலேயே செய்யுங்கள்.

ஒரு நாள் கரன்ட் போயிருந்தபோது லேப்டாப் பேட்டரி வேகமாக இறங்கியது. ப்ரோகிராம் சும்மா கீக்குக் காத்திருக்கிறது, ஆனால் ஸ்டேட்டஸைக் கேட்டுக் கேட்டே ஒரு கோரை முழுதாக எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது தொடர்ந்து ஆயிரம் முறை 1 என்றே பதில் போனால், அடுத்த போலுக்கு ஒரு மில்லிசெகண்ட் காத்திருப்பு கொடுக்கிறேன். நடுவில் வேறு போர்ட்டுக்கு ஏதாவது போனால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். எல்இடி மினுக்கும் வேகம் இதனால் கெடவில்லை.

வீட்டுப்பாடம் திருத்த கீபோர்டுக்குப் பதில் ஒரு ஃபைலைக் கொடுக்கிறேன். ஃபைல் தீர்ந்தால் ரீட் 0 தரும், அங்கே சிமுலேட்டரை நிறுத்திவிடுங்கள். கெட்சாராக இருந்தால் மைனஸ் 1 வரும். அது எட்டு பிட்டுக்குள் 255 ஆகி, ப்ரோகிராம் அதை ஒரு கீ என்று நம்பி ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், அதே மாணவி தன் பெயரைத் தமிழில் தட்டினாள், திரையில் குப்பை வந்தது. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் 'க' என்பது 224, 174, 149 என்று மூன்று பைட். அவள் எடுத்துக்கொண்ட பழைய ரொட்டீன் ஒவ்வொரு பைட்டையும் 127-ஓடு ஆண்ட் செய்ததால் அது 96, 46, 21 ஆகிவிட்டது. சிமுலேட்டரில் தவறு இல்லை. ஆண்ட் செய்யும் அந்த ஏஎன்ஐ கட்டளையை எடுத்துவிட்டு, பைட்டுகளை வந்த வரிசையிலேயே அனுப்பச் சொன்னேன். அவள் பெயர் முழுதாக வந்தது.