நாலு கலரில் ஓடும் கறுப்புக் கோடு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் படம் வரைகிறவருக்கு வேலை இரண்டு வகையில் வரும். ஒன்று காமிக்ஸ் பக்கம். இன்னொன்று பம்ப்செட், கிரைண்டர், தறி ஆகியவற்றின் கையேட்டுப் படம். இரண்டும் கடைசியில் ஆஃப்செட் மெஷினுக்குத்தான் போகும். அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) வை, ஓரத்தில் வெட்டுக்காக 3 மி.மீ. ப்ளீட் விடு என்பதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அதையும் தாண்டி நடக்கிற தவறுகள் இவை.

கோட்டை ஆர்ஜிபி கறுப்பிலேயே விட்டுவிடுவது

திரையில் எல்லாக் கறுப்பும் ஒன்றுதான். ஒவ்வொரு மைக்கும் மெஷினில் தனியாக ஏறும் தகடான பிளேட்டில் அப்படியில்லை. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க அமைப்பில் திரைக்கான ஆர்ஜிபி கறுப்பை அச்சுக்கான நாலு மை சிஎம்ஒய்கே ஆக்கினால் சயன் 75, மஜெந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 எனப் பிரிந்துவிடும். கூட்டினால் 300 சதவீத மை. ஒரே கோட்டை நாலு பிளேட் சேர்ந்து அடிக்கிறது. பெரிய கறுப்புப் பரப்பில் இது தெரியாது. 0.3 மி.மீ. கோட்டில், தாள் 0.1 மி.மீ. விலகினாலே ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் எட்டிப் பார்க்கும். பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளில் மை ஊறி, ‘ணை’, ‘ஞூ’ மாதிரி எழுத்துகளின் சுழி அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் பிரஸ்ஸுக்குப் போன் போடுவார்கள்: “பிளேட் சரியா ஏறலீங்களா?” மெஷின்காரரின் பதில் எப்போதும் ஒன்றுதான்: “பிளேட்டெல்லாம் சரிதானுங்க. உங்க கோட்டுலதான் நாலு கலர் ஓடுது.” அதற்குள் தாள் முழுவதும் ஓடி முடிந்திருக்கும். இரண்டு நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டு வருகிற நஷ்டம் என்பதால்தான் இதில் இவ்வளவு எரிச்சல்.

கோடு தனி லேயரில், பின்னணி இல்லாமல் இருக்கட்டும். 600 டிபிஐ நல்லது. ஃபைலை சிஎம்ஒய்கே ஆக்கிய பிறகு, அந்த லேயரின் டிரான்ஸ்பரன்சியை (வரையாத வெற்றிடத்தை) பூட்டி, கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று நிரப்புங்கள். லேயரை, கீழே உள்ள வண்ணத்தோடு சேர்ந்து அச்சாகும் மல்டிப்ளை முறையில் வையுங்கள். கோட்டுக்கு அடியிலும் வண்ணம் ஓடும் என்பதால், தாள் விலகினாலும் வெள்ளை இடைவெளி தெரியாது. பிறகு ஒவ்வொரு மையையும் தனியாகக் காட்டும் சேனல்ஸில் சயனை மட்டும் திறந்து பாருங்கள். கோடு அங்கே தனியாகத் தெரிந்தால் ஏதோ தப்பு. பிடிஎஃப் எடுக்கும்போது கலர் மாற்றம் வேண்டாம் என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு கலர் புரொஃபைலுக்கு மாறும்போது, சரிசெய்த கறுப்பு மறுபடியும் நாலாக உடையும்.

வசன பலூனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

‘சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல் பலூனின் அகலத்தை முழுவதும் தின்றுவிடும். ரஃப் கட்டத்திலேயே வசனத்தை அசல் எழுத்தளவில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தை வரையுங்கள். ஃபோட்டோஷாப்பில் ‘கொ’ உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால் ஃபாண்ட்டைத் திட்ட வேண்டாம்; டைப் பிரிவில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிரஸ்ஸுக்குக் கொடுக்கும் பிரதியில் எழுத்தை அவுட்லைன் (வெறும் வடிவம்) ஆக்கிவிடுங்கள். திருத்துவதற்கான பிரதி தனியே இருக்கட்டும்.

இம்பெல்லரைத் திருப்பிப் போடுவது

பக்க அமைப்புக்கு அழகாக இருக்கிறதென்று பம்ப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புகிறார்கள். சென்ட்ரிஃபியூகல் பம்பில் இம்பெல்லரின் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) இறக்கைகள் சுற்றும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி வளைந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள கேசிங்கின் வயிறு சுற்றும் திசையில் போகப்போக அகலும். படத்தைத் திருப்பினால் அம்புக்குறியையும் திருப்ப வேண்டும். அப்போது படம் தனக்குள் சரியாக இருக்கும், ஆனால் வாங்கியவர் கையில் உள்ள பம்ப் வேறு பக்கம் சுற்றும். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் மோட்டார் ஒயரிங் கொடுப்பார்கள். திருப்பவே வேண்டாம்.

ஏ3-ல் வரைந்து ஏ5-ல் அடிப்பது

படம் பாதியாகச் சுருங்கும்போது 0.3 மி.மீ. கோடு 0.15 ஆகும். முதலிலேயே 0.6 போடுங்கள்.

காங்கேயம் கன்றை வெள்ளையாக வரைவது

பிறக்கும்போது செந்நிறம். சாம்பலுக்கு மாற ஆறு மாதம் ஆகும்.