திட்டு வாங்கிய நாயும் கணக்குப் போட்ட குதிரையும்

செருப்பைக் குதறிய நாய், நம்மைக் கண்டதும் காதை மடக்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "செய்த தப்பு அதற்கே தெரிகிறது" என்கிறோம். விலங்குகளைப் பற்றி நாம் அதிகம் செய்யும் தவறு இதுதான்: முகத்தை வைத்து மனத்தைப் படிப்பது. நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பி வந்தவரிடம் நாய் தின்றதாகவோ தின்னாததாகவோ சொல்வார்கள். சில வேளை பொய்யாக. அந்த அசட்டு முகம் வந்தது திட்டு விழுந்தபோது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது! நாய்க்குக் குற்ற உணர்வு உண்டா என்பது வேறு கேள்வி; அந்த முகம் அதற்குச் சாட்சியாகாது.

அடுத்த தவறு, சோதிப்பவர் தன்னையே மறந்துவிடுவது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொன்னது. 1907-இல் உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் குட்டை உடைத்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை இம்மியளவு நிமிரும். குதிரை அதைக் கண்டு நிறுத்தியது. இதில் மோசடி எதுவும் இல்லை. ரகசியம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை அடக்க முடியவில்லை.

பாதிக் கதையில் வந்து தீர்ப்புச் சொல்வதும் ஆபத்து. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த லாயிட் மார்கனின் நாய் டோனி, தலையால் தாழ்ப்பாளைத் தூக்கி வாசற்கதவைத் திறக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு அது அபாரமான யோசனை. ஆனால் மார்கன் தொடக்கத்திலிருந்தே பார்த்தவர்: கம்பிகளுக்கிடையே தலையை விட்டு எட்டிப் பார்த்தபோது தாழ் தற்செயலாக நீங்கியது, பழக்கமானது மெல்ல மெல்லத்தான். எளிய காரணம் போதுமென்றால் மேலான அறிவைத் துணைக்கு அழைக்காதே என்று 1894-இல் அவர் விதி வகுத்தார்.

அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா விலங்கையும் மட்டம் தட்டுவோரும் உண்டு. எனக்கு அவர்கள்மீதுதான் கோபம் அதிகம். எட்டாத உணவைக் குச்சியால் எடுக்கவில்லை என்பதால் யானைக்கு யோசனை போதாது என்று எண்ணினார்கள். தும்பிக்கை கை மட்டுமா? அதுவே மூக்கு. குச்சியைப் பிடித்தால் மோப்பம் கெடும். வாஷிங்டன் உயிரியல் பூங்காவில் கண்டுலா என்ற இளம் ஆண் யானைக்கு ஒரு பெட்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கண்டுலா அதைப் பழக்கிளைக்கு அடியில் உருட்டிக்கொண்டு போய், முன்காலை ஏற்றிப் பழத்தைப் பறித்தது. பெட்டியை அகற்றியபோது ஒரு பெரிய டயரைத் தேடிப் பிடித்தது.