எம்.எஸ். நோய்க்குக் கழுத்தில் பலூனா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009இல் இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் பாவ்லோ சம்போனி ஒரு விளக்கம் சொன்னார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்., உடலின் நோயெதிர்ப்பே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) உள்ளவர்களுக்குக் கழுத்துச் சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்கள்) குறுகியிருக்கின்றன, மூளையிலிருந்து ரத்தம் சரியாக இறங்காமல் இரும்பு படிகிறது, நோய் அதனால்தான் வருகிறது என்று. அவருடைய மனைவிக்கே எம்.எஸ். உண்டு. அதே ஆண்டு கனடா தொலைக்காட்சியில் இது ஒளிபரப்பானதும், சிரையைப் பலூன் வைத்து விரித்துக்கொள்ள போலந்து, கோஸ்டாரிகா, இந்தியா என்று நோயாளிகள் விமானம் ஏறினார்கள். இதற்கு 'விடுதலை சிகிச்சை' என்று பெயர். பாதி வேலையை அந்தப் பெயரே செய்துவிட்டது.

ஸ்கேனில் குறுகல் தெரிந்ததுமே காரணம் கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கழுத்துச் சிரையின் சுவர் மெல்லியது. படுத்தால் விரியும், எழுந்து உட்கார்ந்தால் தானாகச் சுருங்கிவிடும், ரத்தம் முதுகெலும்பை ஒட்டிய சிரைகள் வழியே இறங்கும். ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் கருவியைச் சற்று அழுத்திப் பிடித்தாலே குழாய் தட்டையாகிவிடும். தண்ணீர் குடிக்காமல் வந்தாலும் அளவு மாறும். சம்போனியின் முதல் ஆய்வில் நோயாளிகள் எல்லோருக்கும் கோளாறு இருந்தது, மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. இவ்வளவு சுத்தமான முடிவு வரும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2013இல் கனடா ஆய்வாளர்கள் சிரைக்குள் குழாய் செலுத்திப் படமெடுத்தார்கள். பாதிக்கு மேல் குறுகிய சிரை எம்.எஸ். உள்ளவர்களில் 74 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்களுடைய உடன்பிறந்தவர்களில் 66, உறவில்லாத மற்றவர்களில் 70.

எம்.எஸ். விட்டுச்செல்லும் மூளைத் தழும்புகள் சிரையைச் சுற்றித்தானே வருகின்றன என்று கேட்பார்கள். உண்மைதான், 1863லேயே கவனித்திருக்கிறார்கள். ஆனால் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்கும் நோயெதிர்ப்பு அணுக்கள் மூளைக்குள் நுழைவது நுண்சிரைகள் வழியாக. கழுத்தில் அடைப்பு இருக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது.

'செய்துகொண்டேன், மறுநாளே நன்றாக நடந்தேன்' என்ற வீடியோவை வைத்து முடிவெடுப்பது அடுத்த தவறு. அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. எம்.எஸ். பெரும்பாலும் விட்டுவிட்டு வரும் நோய். ஒரு தாக்குதல் தணிகிற வாரத்தில் எதைச் செய்தாலும் அதனால்தான் சரியானது போலத் தோன்றும்.

இதயத்தில் வைக்கிறார்களே, கழுத்தில் ஸ்டென்ட் (குழாயை விரித்தே வைத்திருக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தால் என்ன என்பார்கள். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனி போகப் போகக் குறுகும், அதனால் ஸ்டென்ட் நகர வழியில்லை. சிரையோ இதயத்தை நோக்கிப் போகப் போக அகலும். அங்கே பிடி தளர்ந்தால் ஸ்டென்ட் நேராக இதயத்துக்குள் போய்விடலாம். அப்படி நகர்ந்த ஸ்டென்ட், ரத்த உறைவு, பக்கவாதம், உயிரிழப்பு எல்லாவற்றையும் சொல்லி 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

சிரையைச் சரிசெய்தாயிற்றே என்று நரம்பியல் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவது இவற்றைவிட ஆபத்து. நிறுத்தியபின் வரும் தாக்குதல் சில சமயம் திரும்பப் பெற முடியாததைக் கொண்டுபோய்விடும்.

பிறகு சம்போனியே 115 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார். சிலருக்குப் பலூன், சிலருக்குச் செய்வதுபோல் பாவனை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 2017இல் முடிவு வந்தது: நடையிலோ பார்வையிலோ பயன் எதுவும் தெரியவில்லை, எம்.எஸ். நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று அவருடைய குழுவே எழுதியது.