தப்பை ஏன் தீயில் காட்டுகிறோம்? ரவை துள்ளும் டின்னில் விடை

மலையகத்தில் ஆடும் காமன் கூத்துக்குத் தப்பு என்ற தோல் பறையை அடிக்கப் போகிறவர்கள் முதலில் சருகைக் கொளுத்தித் தோலைச் சூடு காட்டுவார்கள். மலைநாட்டு ஈரக் காற்றில் தோல் நீரை இழுத்துத் தளர்ந்துவிடும். அடித்தால் ‘தொப்’பென்றுதான் கேட்கும். சூடு பட்டு ஈரம் போனதும் தோல் இறுகும், ஓசை கணீரென்று எழும். இறுகிய தோல் வேகமாக அதிர்கிறது. ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே மீடிறன். அது கூடினால் சுருதியும் கூடும்.

இதைக் கண்ணால் பார்க்க, 10 சென்றிமீற்றர் அகலமுள்ள வெறும் பால்மா டின் ஒன்று, பெரிய பலூன், இறப்பர் வளையம் இரண்டு, கால் தேக்கரண்டி ரவை போதும். டின்னின் அடித்தகட்டைப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வெட்டி எடுங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும், அதனால் சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு, ஒரு பக்க வாயில் சுருக்கமே இல்லாமல் இழுத்து மூடி வளையங்களைப் போடுங்கள். சுருக்கம் இருந்தால் ரவை ஒரு மூலையில் போய்க் குவியும். உப்பு வேண்டாம், மழை நாளில் கட்டிபிடித்துவிடும்.

ரவையை ஒற்றைப் படையாகத் தூவி, டின்னைத் தூக்கிப் பிடித்து, கீழ்வாயிலிருந்து 5 சென்றிமீற்றர் தள்ளி ‘ஊ...’ என்று தாழ்ந்த குரலில் தொடங்கி மெல்ல மெல்ல உயர்த்துங்கள். ஒரு சுருதி வரும்போது ரவை சட்டென்று துள்ளும். பலூனின் சொந்த மீடிறனும் உங்கள் குரலின் மீடிறனும் பொருந்தும் இடம் அது, பெயர் பரிவு. பலர் இங்கே குரல் கொடுக்காமல் ஊதிவிடுகிறார்கள். குரலில்லாமல் ஒருமுறை வேண்டுமென்றே ஊதிப் பாருங்கள்: பலூன் சற்றே உப்பும், ரவை துள்ளாது. ரவையை ஆட்டுவது மூச்சுக் காற்றல்ல, காற்றின் வழியே வரும் அதிர்வு.

துள்ளும்போதே பலூனின் நடுவில் விரல் நுனியை வையுங்கள். விரல் கூசும், ரவை அடங்கும். அதிர்வின் சக்தியை விரல் வாங்கிக்கொண்டது. பிறகு பலூனை இன்னும் இறுக்கிக் கட்டி மறுபடி குரல் கொடுங்கள். இப்போது ரவை துள்ள, முன்பைவிட உயர்ந்த சுருதி வேண்டும். தப்பில் நடப்பதும் இதுதான். ஆனால் பலூனைத் தீயருகே கொண்டுபோகாதீர்கள், வெடித்துவிடும்.

அந்த அதிர்வு காற்றில் எவ்வளவு வேகமாகப் போகிறது? வெறும் பாறை முகத்துக்கோ உயர்ந்த சுவருக்கோ நேரே 100 மீற்றர் அளந்து நில்லுங்கள். தேயிலைச் சரிவு சரிவராது, செடிகள் ஒலியைச் சிதறடித்துவிடும். கை தட்டுங்கள், எதிரொலி திரும்பும் அதே கணத்தில் அடுத்த தட்டு விழும்படி தாளத்தைப் பிடியுங்கள். முதல் தட்டைப் ‘பூச்சியம்’ என்று எண்ணி 20 வரை போக வேண்டும். ‘ஒன்று’ என்று தொடங்கினால் ஓர் இடைவெளி குறைந்து, விடை 5 சதவீதம் பிழைக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் ஒலி 200 மீற்றர் போய்வருகிறது, ஆகவே 4000 மீற்றரை எடுத்த செக்கன்களால் வகுங்கள். 15 பாகை செல்சியஸ் உள்ள நுவரெலியாக் காலையில் ஏறத்தாழ 11.8 செக்கன் எடுக்கும். வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் வரும்.