ஒரு தடவை விளையாடிவிட்டு பெட்டியை மூடாதீர்கள்

பலகையோ கார்டோ வைத்து ஆடும் புது விளையாட்டு ஒன்றை ஒரே இரவில் பார்த்துவிட்டு "இது வெறும் லக் மச்சான், ஒன்றுமில்லை" என்று பெட்டியை மூடிவைப்பது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். கொழும்பில் வேலை செய்யும் பசங்க தீபாவளிக்கோ போயாவோடு, அதாவது பௌர்ணமி விடுமுறையோடு, சேர்ந்து வரும் நீண்ட லீவுக்கோ மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வீட்டுக்கு வரும்போது பையில் ஒரு பெட்டியும் வரும், சாப்பிட்டு முடித்துப் பாயை விரித்து உட்காருவோம், இரவு படுக்கப் போவதற்குள் தீர்ப்பும் வந்துவிடும். யார் சொல்லிக்கொடுத்தார்கள், எத்தனை பேர் உட்கார்ந்தோம், எந்த விதியைத் தெரியாமலே மாற்றினோம் என்பதெல்லாம்தான் அந்தத் தீர்ப்பில் இருக்கும், விளையாட்டு பாவம். அண்மையில் கூட்டாளிகளோடு விளையாடியவற்றை வைத்து, எங்கெங்கே இது கெட்டுப்போகிறது என்று சொல்கிறேன்.

காணி வாங்கி வாடகை வசூலிக்கும் மொனோபொலியில் தொடங்கலாம், ஏனென்றால் அதைப் பற்றி எல்லாருக்கும் ஒரே குறைதான்: முடியவே முடியாது. விதிப் புத்தகத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, வந்து நின்ற இடத்தை ஒருவர் வாங்கவில்லை என்றால் வங்கி அதை அப்போதே ஏலம் விடவேண்டும், வேண்டாம் என்றவரும் ஏலத்தில் கேட்கலாம். இப்படி விளையாடுகிற வீட்டைப் பார்ப்பதே அபூர்வம். ஏலத்தை விட்டுவிட்டு, வரிப் பணம் அபராதப் பணம் எல்லாவற்றையும் பலகையின் நடுவில் குவித்து, ஃப்ரீ பார்க்கிங்கில் வந்து நிற்பவருக்கு அள்ளிக் கொடுப்பார்கள். விதிப்படி அந்தக் கட்டத்தில் நின்றால் ஒன்றுமே கிடையாது, சும்மா நிற்கவேண்டியதுதான். ஏலம் இல்லாததால் காணிகள் விற்காமல் கிடக்கும், சும்மா காசு வருவதால் யாரும் கையை விரிக்க மாட்டார்கள், அப்புறம் விடியும்வரை இழுக்காமல் என்ன செய்யும்? நிறமும் எண்ணும் பார்த்துக் கார்டு போடும் ஊனோவும் இதே கதைதான். அடுத்தவரை இரண்டு கார்டு எடுக்கவைக்கும் +2 மேல் இன்னொரு +2 போட்டு அடுத்தவர் தலையில் நான்கைக் கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது, விதியில் இல்லை. +2 விழுந்தவர் இரண்டை எடுத்துக்கொண்டு தன் முறையை இழப்பார், அவ்வளவுதான். +4 கூட மேலே கிடக்கும் நிறம் கையில் ஒன்றுமே இல்லாதபோது மட்டும்தான் போடலாம். வீட்டு விதி வைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை, ஆனால் முதல் ஆட்டமாவது புத்தகத்தில் உள்ளபடி ஆடிவிட்டு அதன் பிறகு மாற்றுங்கள்.

கட்டானைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும், அதிகம் திட்டு வாங்குவது அதுதான். கிளவுஸ் டொய்பர் என்ற ஜெர்மன்காரர் உருவாக்கி 1995இல் வந்த விளையாட்டு. அறுகோணக் கட்டங்களில் வயலும் காடும் மலையும் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு எண், இரண்டு தாயக்கட்டையை உருட்டி வரும் எண்ணுள்ள கட்டத்தின் மூலையில் உங்கள் வீடு இருந்தால் பொருள் கிடைக்கும், முதலில் 10 புள்ளி எடுத்தவர் வெற்றி. இரண்டு கட்டைக்கு மொத்தம் 36 விதமான விழுகை. 6 ஐந்து விதத்தில் விழும், 8உம் ஐந்து விதத்தில், 12 ஒரே ஒரு விதத்தில். எங்கள் கூட்டத்தில் ஒருவன் மலைப் படம் வடிவாக இருக்கிறது என்று 12, 11, 3 மூன்றும் சேரும் மூலையில் வீட்டை வைத்தான், அதாவது 36க்கு 5. பக்கத்தில் 6, 9, 5 சேரும் மூலை காலியாகத்தான் கிடந்தது, அது 36க்கு 13. அடுத்த ஒரு மணி நேரம் மற்றவர்கள் கார்டை வாரிக்கொள்ள இவன் கையைக் கட்டிக்கொண்டு வடையைத் தின்றான், எழும்பும்போது "லக் கேம்" என்றான். எண்ணுக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் இருப்பது அதற்காகத்தான், எத்தனை புள்ளியோ அத்தனை விதத்தில் அது விழும் என்று வீடு வைப்பதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். புதியவர்களுக்கென்றே ஒரு தொடக்க அமைப்பு விதிப் புத்தகத்தில் படமாக இருக்கிறது, அதையே வைத்துத் தொடங்குவது நல்லது.

கட்டானில் பிழைபோகும் இன்னும் சில இடங்கள் உண்டு. பொருள் மாற்றுவது யாருடைய முறையோ அவரோடு மட்டும்தான், ஓரத்தில் இருக்கும் இரண்டு பேர் தங்களுக்குள் செங்கலும் மரமும் மாற்றிக்கொள்ள முடியாது. முதல் வீடு வைக்கும் சுற்றில் கடைசியாக வைத்தவர்தான் இரண்டாவது வீட்டை முதலில் வைப்பார், இதை மறந்தால் கடைசியில் உட்கார்ந்தவருக்கு அநியாயம். 7 விழுந்தால் கள்ளன் என்ற காயை நகர்த்துவதோடு ஏழுக்கு மேல் கார்டு வைத்திருப்பவர்கள் பாதியைப் போடவேண்டும். இந்தப் பாதி விதியை விட்டுவிட்டால் பதுக்குகிறவன் கைதான் ஓங்கும்.

ஓமி, 304 என்ற நம் ஊர்ச் சீட்டாட்டங்களை ஆடி வளர்ந்த கை புது விளையாட்டுக்கு வரும்போது சில பழக்கங்களையும் கூடவே கொண்டுவரும். நாம் வலப்பக்கமாகப் பிரித்து வலப்பக்கமாகவே இறங்குகிறவர்கள், கடையில் வாங்கும் பெட்டி விளையாட்டுகள் பெரும்பாலும் இடப்பக்கமாகச் சுற்றும். முறை குழம்பி, ஒருவரைத் தாண்டி இன்னொருவர் ஆடிவிட்டு, அதற்கு ஒரு சண்டை. இதைவிடப் பெரிய தொல்லை சோடி. ஓமியில் எதிரே இருப்பவன் என் ஆள், அவன் கண்ணைப் பார்த்தே கையில் என்ன இருக்கிறதென்று ஊகித்துப் பழகிய இரண்டு பேர் கட்டானில் உட்கார்ந்தால், கேட்காமலே ஒருவருக்கொருவர் கோதுமையைக் கொடுப்பார்கள், மற்ற இரண்டு பேருக்கும் அத்தோடு ஆட்டம் முடிந்தது. பழைய சோடியைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள், தனித்தனியாகத்தான் வெல்லவேண்டும் என்பதை முதலிலேயே சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

சொல்லிக்கொடுக்கிறேன் என்று இங்கிலிஷ் விதிப் புத்தகத்தை விரித்து வரி வரியாக வாசித்து விளக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு அப்போதே தூக்கம் வரும். எப்படி வெல்வது, உங்கள் முறையில் என்ன செய்யலாம், இந்த இரண்டையும் சொல்லித் தொடங்கிவிடுங்கள், மிச்சத்தை அந்த இடம் வரும்போது சொல்லலாம். தோட்டத்துக்கு மேலே ஏறினால் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, அதனால் விதியையும் வீடியோவையும் டவுனிலேயே இறக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நேரம் விளையாட்டுத் தெரிந்தவர்களுக்கானது, புதியவர்களோடு அதை இரட்டிப்பாக்கிக் கணக்குப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் கடைசி பஸ்ஸுக்கு இரண்டு பேர் எழும்பி ஓட, பாதியில் நின்ற ஆட்டத்துக்குத்தான் எல்லாரும் மார்க் போடுவார்கள்.

பண்டெமிக் எங்கள் கூட்டத்துக்குச் சரிவரவில்லை. எல்லாரும் ஒரே அணியாக நின்று நான்கு நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்கவேண்டும், நல்ல யோசனைதான், ஆனால் கூட்டத்தில் மூத்த அண்ணன் ஒருவர் இருந்தால் அவரே எல்லாருக்கும் "நீ அங்க போ, நீ இந்தக் கார்டைக் கொடு" என்று சொல்லிவிடுவார், மரியாதைக்கு யாரும் எதிர்த்துக் கதைப்பதில்லை. நான்கு பேர் உட்கார்ந்து ஒருவர் ஆடுகிற ஆட்டமாகிவிட்டது. யாருடைய முறையோ அவர் தன் யோசனையைச் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது என்று வைத்து ஆடிப்பார்க்கவேண்டும், அதற்குப் பிறகுதான் இதை வேண்டாம் என்று சொல்வது நியாயம்.

ஆறு ஏழு பேர் சேர்ந்துவிட்டால் நான்கு பேர் விளையாட்டில் சோடி சோடியாக உட்காரவைக்காதீர்கள், கோட்நேம்ஸ் எடுங்கள், இரண்டு அணியாகப் பிரிந்து ஒற்றைச் சொல் துப்பை வைத்துத் தங்கள் அணியின் சொற்களைக் கண்டுபிடிக்கும் ஆட்டம். அதன் சொற்கள் இங்கிலிஷில் இருக்கின்றன என்று தள்ளிவைப்பவர்கள் அதிகம். பரப்பி வைப்பது வெறும் 25 சொற்கள்தான், துண்டுக் காகிதங்களில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எது யாருடையது என்று காட்டும் அட்டையில் நிறம் மட்டும்தான் இருக்கும், அது எந்த மொழிக்கும் சரி. கொழுந்து, கங்காணி, கவ்வாத்து என்று எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சொற்களைப் போட்டபோது அம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எண்ணெய்க் கையோடு கார்டைத் தொடாதீர்கள். மழைக்காலத்தில் கார்டு நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டும், அதற்காக அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வளைந்துபோகும். இறுக்கி மூடும் பையில், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டுவைத்தால் போதும்.

டிக்கெட் டு ரைட் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. பதுளை ரயிலில் போய்வந்து வளர்ந்தவர்களுக்கு ரயில் பாதை பிடிக்கும் விளையாட்டு பிடிக்காமல் போகுமா, எல்லாருக்கும் பிடித்தது, ஆனால் நெருக்கடி அதிகம் என்று ஒருவன் முறைப்பட்டான். நாங்கள் அன்றைக்கு மூன்று பேர். இரண்டு மூன்று பேர் ஆடும்போது இரண்டு ஊருக்கு இடையே பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரட்டைப் பாதைகளில் ஒன்றை ஒருவர் பிடித்தால் மற்றது மூடிவிடும் என்பது விதி, நான்கு பேர் இருந்தால் இரண்டும் திறந்திருக்கும். இந்த ஊரையும் அந்த ஊரையும் இணை என்று சொல்லும் கார்டுதான் டிக்கெட், முடியாத டிக்கெட்டுக்குப் புள்ளி குறையும் என்று தெரிந்தும் அவன் கடைசி நேரத்தில் மேலதிகமாக டிக்கெட் எடுத்தது தனிக் கதை. பொங்கலுக்கு நாலாவது ஆளும் வருகிறான், ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.